பீரோவில் கிடந்த காது மிஷின்: விசைத்தறிக்காரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

அந்தப் பெரியவர் முதல் முறை என் அறைக்கு வந்தபோது அவருடைய மகள் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. திருநீறு போட்டு வைக்கிற டப்பா. மூடியைத் திறந்து காட்டினார். பஞ்சுக்கு நடுவில் இரண்டு காது மிஷின்கள், ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை அளவு. "ஒன்னு நாப்பது குடுத்து வாங்குனதுங்க மேடம். பதினோரு மாசமா பீரோவுலதான் கிடக்குது. அப்பா வேண்டவே வேண்டாம்னுட்டாரு" என்றார். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.

நான் ஈரோட்டில் பதினான்கு வருடமாக ஆடியாலஜிஸ்டாக, அதாவது கேட்கும் திறனைப் பரிசோதித்து மிஷின் பொருத்துகிறவளாக, வேலை பார்க்கிறேன். இப்படி டப்பாவோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். மிஷின் பெரும்பாலும் நல்ல மிஷினாகத்தான் இருக்கும். கெட்டது வேறு எங்கோ நடந்திருக்கும். இவருடைய விஷயத்தில் அது எங்கெங்கே நடந்தது என்று படிப்படியாகத் தேடிப் பார்க்க முடிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். அவரும் குடும்பத்தாரும் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இன்னொன்று: நானும் காது மிஷின் விற்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவள்தான். எங்கே வாங்கலாம் என்று நான் சொல்வதை அதை மனதில் வைத்தே படியுங்கள்.

வந்தபோது

வயது 63. ஊர் பள்ளிபாளையம். வீட்டை ஒட்டிய கூடத்தில் ஆறு விசைத்தறி. பதினேழு வயதில் தறியில் நின்றவர், இப்போதும் தினம் நான்கு மணி நேரமாவது கூடத்துக்குள் இருக்கிறார். சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுப்பாடாக இருக்கிறது. காதில் சீழ் வடிந்ததில்லை, தலைசுற்றல் இல்லை. இரண்டு காதிலும் ராத்திரியில் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல்.

"சத்தமெல்லாம் கேக்குதுங்க அம்மிணி. பேச்சுத்தான் வெளங்க மாட்டேங்குது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிறவரிடம் பாதி நோயறிதல் முடிந்துவிடும். பேச்சில் உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக இருக்கிறது. ச, ட, த போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற ஓசை மேல் அதிர்வெண்களில், மெலிதாக இருக்கிறது. மேல்பகுதி போனவருக்குப் பசி, படி, பதி மூன்றும் ஒன்றுபோல விழும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. வீட்டில் இருப்பவர்கள் இதை, வேண்டும்போது மட்டும் கேட்கிற காது என்று நினைத்துக்கொள்வார்கள். இவருடைய மனைவியும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

காதுக்குள் ஒளியடித்துப் பார்த்தேன். வலது காதில் அழுக்கு கெட்டியாக அடைத்திருந்தது, செவிப்பறை தெரியவே இல்லை. அன்றைக்குப் பரிசோதனை செய்யாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். மகளுக்கு ஏமாற்றம், அவர் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். ஆனால் அடைப்போடு எடுக்கிற ஆடியோகிராம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், அடைப்பையும் சேர்த்தே அளக்கும்.

ஐந்து நாள் கழித்து ஒலி புகாத அறையில் எடுத்த அளவுகள் இவை. ஹெர்ட்ஸ் என்பது அதிர்வெண்; டெசிபல் எண் கூடக் கூடக் கேட்டல் மோசம், வரைபடத்தில் கோடு கீழே இறங்கும். வலது காதில் 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல், 1000-இல் 40, 2000-இல் 60, 4000-இல் 75, அப்புறம் 8000-இல் கொஞ்சம் மேலேறி 65. இடது காதும் ஏறக்குறைய இப்படித்தான், ஐந்து டெசிபல் மோசம். மண்டை எலும்பு வழியே சத்தத்தை நேராக உள்காதுக்கு அனுப்பிப் பார்க்கிற எலும்பு வழிக் கேட்டலும் அதே கோட்டில் இருந்ததால் கோளாறு உள்காதில். 4000-இல் குழி விழுந்து 8000-இல் ஏறுவது இரைச்சல் தின்ற காதின் கையெழுத்து. அதன் மேல் வயதும் சேர்ந்திருக்கிறது. தமிழ்ச் சொற்பட்டியலை வைத்துப் பேச்சுப் பரிசோதனை செய்ததில் வலது 76 சதவீதம், இடது 68. அதாவது சொற்களை வேண்டிய அளவுக்குச் சத்தமாக ஒலித்தாலும் நூறில் இருபத்து நான்கு வலது காதுக்குப் பிடிபடவில்லை. எந்த மிஷின் போட்டாலும் இந்த எல்லையைப் பெரிதாகத் தாண்ட முடியாது. இதை முதல் நாளிலேயே குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்னேன்.

முதலில் வாங்கிய இடம்

மகள் பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுவந்திருந்தார். கல்யாண மண்டபத்தில் நடந்த இலவசக் காது பரிசோதனை முகாமில் எடுத்தது. ஹெட்போனில் கேட்கவைத்து எடுக்கிற காற்று வழி அளவு மட்டும்தான் இருந்தது. எலும்பு வழி இல்லை, பேச்சுப் பரிசோதனை இல்லை, எடுத்தவரின் பதிவு எண் இல்லை. 500 ஹெர்ட்ஸில் 45 டெசிபல் என்று போட்டிருந்தார்கள். எங்கள் அறையில் அது 25.

இந்த இருபது டெசிபல் வித்தியாசம்தான் இந்த நிகழ்வின் முதல் முடிச்சு. மண்டபத்தில் மின்விசிறி ஓடுகிறது, நாற்காலி இழுபடுகிறது, பக்கத்தில் நாலு பேர் பேசுகிறார்கள். அந்த இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களைத்தான் அதிகம் மூடும். சின்னச் சத்தம் கேட்கவில்லை என்று அவர் கை தூக்காமல் இருந்திருப்பார், காது கெட்டிருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். வலது காதில் அழுக்கு அப்போதே இருந்திருக்கலாம், யாரும் காதுக்குள் பார்க்கவில்லை என்று அவரே சொன்னார். ரிப்போர்ட்டை நம்பி மிஷினை செட் செய்தபோது, அவருக்கு நன்றாகக் கேட்கிற தாழ்ந்த சத்தத்தையும் அது தூக்கிக் கொடுத்தது.

விற்றது காதுக்குள்ளேயே மறைகிற ரகம். வெளியே தெரியாது என்றுதான் விற்றார்கள். தாழ்ந்த அதிர்வெண் நன்றாக இருக்கிற காதை அப்படி முழுக்க அடைத்தால் சொந்தக் குரலே முழங்கும். "குடத்துக்குள்ள தலைய விட்டுப் பேசற மாதிரி இருந்துச்சுங்க" என்றார். அப்புறம் பேட்டரி. 10-ஆம் எண், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியது, ஒரு வாரம் வந்தாலே பெரிது. ஸ்டிக்கரை உரித்தால்தான் காற்று உள்ளே போய் வேலை செய்யத் தொடங்கும், உரித்தபின் சும்மா வைத்திருந்தாலும் தீர்ந்துபோகும். இது தெரியாமல் அட்டையில் இருந்த ஆறையும் ஒரே நாளில் உரித்து வைத்துவிட்டார்கள். என் எதிரில் மாற்றச் சொன்னேன். அறுந்த நூலைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற கை அது. ஆனால் நாற்பத்தாறு வருடம் காய்த்துப்போன விரல் நுனிக்கு அந்தப் பேட்டரியின் விளிம்பு தட்டுப்படவில்லை. மூன்று முறை கீழே விழுந்தது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து நானே வாங்கி வைத்துவிட்டேன்.

இதெல்லாம் கூட சரிசெய்யக்கூடியவை. பெரிய தவறு, யாரும் அவரிடம் "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்காதது. மிஷினை வாங்கி வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் அதைப் போட்டுக்கொண்டு நேராகத் தறிக்கூடத்துக்குள் போனார். விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். கெட்டுப்போன உள்காதுக்கு ஒரு குணம் உண்டு: மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தம் மற்றவர்களைவிட அதிகமாக உறுத்தும். பத்து நிமிடத்தில் கழற்றினார். அன்றைக்கே பீரோவுக்குள் போனது.

மகள் இரண்டு முறை அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். முதல் முறை சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள், பேச்சும் சேர்ந்தே குறைந்தது. இரண்டாம் முறை போனபோது விற்றவர் வேலையை விட்டுப் போயிருந்தார். நாங்கள் எங்கள் கணினியில் இணைத்துப் பார்த்தோம், திறக்கவில்லை. சில சங்கிலிக் கடைகள் தங்கள் மிஷினை வேறு இடத்தில் செட் செய்ய முடியாதபடி மென்பொருளிலேயே பூட்டி விற்கின்றன. வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை, கேட்க வேண்டும் என்று வாங்குகிறவருக்கும் தெரிவதில்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

எங்கே போவது

"இன்னொரு தடவ ஏமாற முடியாதுங்க மேடம். எங்க போறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் மகள். நான் வாங்கச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வாரம் நாலு இடம் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஆடியோகிராமின் நகலைக் கையில் கொடுத்தேன். அது நோயாளியின் சொத்து. நகல் தரத் தயங்குகிற இடத்தில் எதையும் வாங்க வேண்டாம்.

அரசு வழி கிடைக்குமா என்று முதலில் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி இரண்டு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபலாவது இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர் என்ற வகைக்குள் வரமுடியும். இவருடைய சராசரி 50-ஐ ஒட்டி நிற்கிறது. 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் மூத்த குடிமக்களுக்குக் காது மிஷின் தருகிறது, ஆனால் அது வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களையும் குறைந்த வருமானம் உள்ளவர்களையும் மனதில் வைத்தது. இவருக்கு இரண்டும் பொருந்தவில்லை. பரிசோதனைக்கு மட்டும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் உங்களுக்கு எதையும் விற்க வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை. அந்த ரிப்போர்ட்டின் மதிப்பே அதுதான். சிக்கலான காதுகளை நான் திம்பம் மலைப்பாதை வழியே மைசூருக்கு அனுப்புவதுண்டு. 1965-இலிருந்து இயங்கும் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் அங்கே இருக்கிறது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைப்பதை மருமகன் காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் 2022 அக்டோபரிலிருந்து மருந்துக்கடையிலேயே காது மிஷின் வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் அது பதினெட்டு வயதைத் தாண்டியவர்களின் லேசான, நடுத்தர இழப்புக்கு மட்டும். 4000 ஹெர்ட்ஸில் 75 டெசிபல் இருக்கிற காதுக்கு அது இல்லை. இங்கே மலிவாகக் கிடைப்பதில் பலவும் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கித் தருகிற பெருக்கிகள். இவருக்கு முதல் மிஷினில் வந்த தொல்லையே திரும்ப வரும்.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் மகளிடம், மிஷின் போடாவிட்டால் அப்பாவுக்கு மறதி நோய் வந்துவிடும், இன்றே புக் செய்தால் தள்ளுபடி என்று சொன்னார்களாம். அன்றிரவே பதறிப்போய் போன் செய்தார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மறதி நோய்க்கான, தடுக்கக்கூடிய பதினான்கு காரணங்களில் ஒன்றாகக் கேட்டல் குறைபாட்டை லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழுவின் 2024 அறிக்கை சொல்கிறது. அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது மிஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நினைவுத்திறன் சரிவில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த பிரிவினரிடம் மட்டும் சரிவு குறைந்தது. பேரனோடு பேசுவதற்காக மிஷின் போடுங்கள், அது போதுமான காரணம். பயத்தில் ஒரே நாளில் லட்ச ரூபாய் கட்ட வேண்டியதில்லை. என் முதல் வேலையில் மாதத்துக்கு இத்தனை ஜோடி என்று எனக்கும் இலக்கு வைத்திருந்தார்கள். அந்த அழுத்தத்தில் வாயிலிருந்து என்னென்ன வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

மகள் ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். செட் செய்யப் போகிறவர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா, எண் என்ன? ஒலி புகாத அறை இருக்கிறதா? ஒரு கம்பெனி மிஷின் மட்டும்தானா, வேறும் உண்டா? வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்க்கலாமா, எத்தனை நாள், எழுதித் தருவீர்களா? மிஷின் பூட்டியதா? ஒரு இடத்தில் பதிவு எண் கேட்டதற்கு மேலாளர் வந்து பேசினாராம். ஒரு இடத்தில் பில்லில் ஜிஎஸ்டி போட்டுக் காட்டியிருக்கிறார்கள், காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது. எத்தனை சேனல், அதாவது மிஷின் சத்தத்தை எத்தனை அதிர்வெண் பகுதிகளாகப் பிரித்துச் சரிசெய்கிறது, என்று எல்லா இடத்திலும் பெருமையாகச் சொன்னார்களாம். பதினாறா இருபதா என்பது இவருக்குப் பெரிய விஷயமே இல்லை.

தூரத்தையும் கணக்கில் எடுக்கச் சொன்னேன். முதல் வருடத்தில் நாலைந்து முறை வந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். கோயம்புத்தூருக்கு ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். ஈரோட்டுக்குக் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும். கடைசியில் எங்களிடமே வந்தார்கள். வேறு இரண்டு இடமும் நல்ல இடங்கள்தான், அங்கே போயிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். மிஷினை உலகத்தில் நாலைந்து கம்பெனிக் குழுமங்கள்தான் பெரும்பாலும் செய்கின்றன, எந்த ஊரில் வாங்கினாலும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். அதைக் காதுக்குப் பொருத்துகிற ஆளும், அந்த ஆளிடம் திரும்பத் திரும்பப் போக முடிவதும்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

இரண்டாவது முறை

எங்கெங்கே கேட்க வேண்டும் என்று அவரையே சொல்லச் சொன்னேன். பெங்களூரில் இருக்கிற பேரன் போனில் பேசுவது. அடுப்படியிலிருந்து மனைவி கூப்பிடுவது. டீக்கடைப் பேச்சு. நூல் வியாபாரியோடு விலை பேசுவது. "கல்யாண வீடு" என்று ஐந்தாவதாகச் சேர்த்தார். அது கடினம் என்று அப்போதே சொல்லி வைத்தேன்.

காதுக்குப் பின்னால் உட்கார்ந்து மெல்லிய ஒயரில் ஸ்பீக்கர் மட்டும் காதுக்குள் போகிற ரகம். காதை அடைக்காத, ஓட்டை வைத்த ரப்பர் நுனி. பேட்டரி மாற்றும் வேலையே இல்லாமல் செல்போன் மாதிரி சார்ஜ் போடுவது. ஜோடி எழுபத்தெட்டாயிரம், பழையதில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம். பதினைந்து நாள் ட்ரையல், எழுத்தில்.

ரியல் இயர் அளவீடு செய்தோம். செவிப்பறைக்குப் பக்கம் வரை ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாயை விட்டு, மிஷின் தரும் சத்தம் காதுக்குள் உண்மையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளப்பது. நூல் மாதிரி இருக்கும், வலிக்காது என்றேன். "இதப் போயி நூலுங்கறீங்களே அம்மிணி, கயிறாட்டமல்ல இருக்குது" என்று விரலில் உருட்டிப் பார்த்தார். கம்பெனி மென்பொருள் தானாகப் போட்ட அளவு, இந்த இழப்புக்கு எவ்வளவு சத்தம் தர வேண்டும் என்று கணக்கிடுகிற, ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகத்து வாய்ப்பாடு கேட்கிற அளவைவிட 3000, 4000 ஹெர்ட்ஸில் பன்னிரண்டு டெசிபல் வரை குறைவாக இருந்தது. ச, ட, த எல்லாம் இருக்கிற இடம் அது. கணினித் திரையில் எல்லாம் சரியாகத்தான் காட்டியது. குழாயை விட்டுப் பார்த்ததால்தான் தெரிந்தது. இந்த அளவீட்டுக்குக் கருவியும் அரை மணி நேரமும் வேண்டும், பல இடங்களில் செய்வதில்லை. நோயாளிகள் கேட்கத் தொடங்கினால் செய்வார்கள்.

முழு அளவையும் முதல் நாளே கொடுக்கவில்லை. பத்து வருடமாகக் கேட்காததை மூளை ஒரே நாளில் தாங்காது. ஒரு வாரம் கழித்து வந்தபோது கேரிபேக் சரசரப்பும் பேப்பர் புரட்டுகிற சத்தமும் எரிச்சலாக இருக்கிறது என்றார். மிஷினின் உள்கணக்கு தினம் இரண்டரை மணி நேரம்தான் போட்டிருக்கிறார் என்று காட்டியது. சத்தத்தைக் குறைக்கவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வேண்டாங்க. நேத்து இவ நடந்து வந்தது கேட்டுச்சு" என்று மனைவியைக் காட்டினார். மெட்டி தரையில் தட்டுகிற சத்தம். அந்த அம்மா காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஏழு மணி நேரம், எட்டாவது வாரம் ஒன்பது மணி நேரம். பேரனின் போன் சரியாகிவிட்டது, ப்ளூடூத்தில் நேராகக் காதுக்கே வருகிறது. அடுப்படிக் குரல், கதவு திறந்திருந்தால் கேட்கிறது. நூல் வியாபாரியிடம் மகளைக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டார். டீக்கடை பாதி. கல்யாண வீட்டில் இன்னும் தடுமாற்றம்தான், அது அப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். காதிரைச்சல் மிஷின் போட்டிருக்கும்போது மறந்துபோகிறது, ராத்திரி கழற்றினால் திரும்ப வருகிறது.

கூடத்துக்குள்

தறிக்கூடத்துக்குள் மிஷின் கூடாது, அடைப்பான்தான் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். காதை முழுக்க மூடுகிற மஃப். "நாப்பத்தாறு வருசம் சும்மா நின்னாச்சுங்க, இனி எதுக்கு?" என்றார். மீதியிருப்பதைக் காப்பாற்ற என்றேன். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன, 85-ஐத் தாண்டினாலே காதுக்கு ஆபத்து என்கிறார்கள் நிபுணர்கள். வீட்டோடு இருக்கிற சின்னக் கூடங்கள் பலவும் அந்த விதிகளின் கண்ணிலேயே படுவதில்லை. அங்கே போய் ஒரு டெசிபல் மீட்டரை யாராவது வைத்துப் பார்ப்பது அபூர்வம். தறி நிற்காமல் ஓடினால் சந்தோஷப்படுகிற ஊர், அந்தச் சத்தம் நின்றால்தான் பயம்.

நான்காவது முறை வந்தபோது மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பத்து நான்கு வயது, பதினைந்து வருடமாகத் தறி. மகனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, அப்பா பிடிவாதத்துக்காக வந்திருக்கிறேன் என்றார். அறைக்குள் உட்கார வைத்துப் பார்த்தோம். எல்லா அதிர்வெண்ணிலும் 15, 20 டெசிபல், நல்ல காது. 4000 ஹெர்ட்ஸில் மட்டும் 40.

தாளை மேஜையில் வைத்து விளக்கத் தொடங்கினேன். பெரியவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தன்னுடைய ஆடியோகிராமை எடுத்து, மகனுடையதற்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். கோடு இறங்குகிற இடத்தில் இரண்டு தாளிலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஒரே எடத்துலதானுங்க எறங்குது" என்றார். அப்புறம், "அந்த மஃப்பு இன்னொன்னு வேணுங்க அம்மிணி. இன்னைக்கே வாங்கிட்டுப் போயிடறேன்."